மீன் தொட்டியில் இல்லாத தூசி

அல் குசைஸ்,
ஜனவரி 18

அன்பு மகள் ஷாஜினிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் நல்ல சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறோம். சுகம் என்று எல்லோரும் எழுதுவதுதான், ஆனால் இந்த முறை அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே நீ அழுவாய், இல்லாவிட்டால் கத்துவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம். நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

நவம்பரில் உன் பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் வராததற்குக் காரணம் லீவு அல்ல மக்களே. லீவு எப்போதோ கிடைத்துவிட்டது, விசா வந்துவிட்டது, அம்மா பெட்டியும் பாதி அடுக்கிவிட்டாள். லீவு கேன்சல் ஆகிவிட்டது என்று நான் சொன்னது பொய். நீ இட்ஸ் ஓகே அப்பா என்று போனை வைத்தாய் பார், அதன்பிறகு மூன்று வாரம் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, உன் இடத்தில் நான் இருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். உனக்கு என்ன பரிசு கொண்டுவரலாம் என்று அக்டோபர் முழுதும் யோசித்தேன். நீ இங்கே விட்டுப்போன இரண்டு ஏஞ்சல் மீன்களைப் பற்றி வாரம் தவறாமல் கேட்கிறாயே, அவற்றை நல்ல படமாக எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தால் உன் ரூம் சுவரில் இருக்கும் என்று தோன்றியது. உன் பழைய கேமராவைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தேன். முதல் நாள் எடுத்த படங்களில் மீனைவிட நான்தான் அதிகம் இருந்தேன், வெள்ளை பனியனோடு தொட்டிக் கண்ணாடியில். மீன் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து உஸைரிடம் போய்க் கேட்டேன், நாம் இந்த மீன்களை வாங்கியதும் அவனிடம்தான், நினைவிருக்கும். அவன் ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ரூம் லைட்டை அணைத்துத் தொட்டி லைட்டை மட்டும் போட வேண்டும், பிளாஷ் கூடவே கூடாது, கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக ஒட்டிப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் மீன் கோணலாக விழும். மீனைத் துரத்திக்கொண்டு கேமராவை ஓட்டக்கூடாது, ஒரு இடத்தில் குறி வைத்துக்கொண்டு அது அங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும், மீனின் கண் தெளிவாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நன்றாக இருக்கும் என்றான். நானும் அம்மாவின் கறுப்பு ஷாலைப் போர்த்திக்கொண்டு, தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் தொட்டிமுன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மெக்கானிக் வேலை பார்க்க வந்தவன் மந்திரவாதி ஆகிவிட்டான் என்று அம்மா சிரித்தாள்.

அந்தக் கேமராவில் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணைத் துளையில் வைத்துத்தானே பார்க்க வேண்டும். பார்த்தால் தண்ணீரெல்லாம் கரும்பொடி. மிளகைப் பொடித்துத் தூவினமாதிரி மிதக்கிறது, மீன் ஒரு பக்கம் போனால் பொடி இன்னொரு பக்கம் போகிறது. தண்ணீரை மாற்றினேன். பில்டரைக் கழற்றிக் கழுவினேன். பொடி போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மசாலா தட்டுகிறாயா என்று அம்மாவைப் பிடித்துத் திட்டினேன், பாவம் அவள். இரண்டு நாள் கழித்துத் தொட்டியின் ஓரத்தில் வெளிச்சம் வெட்டி வெட்டி அணைந்தது. முப்பது வருஷமாக ஏசி வயரிங் பார்க்கிறவன் இதை விடுவேனா, லைட்டையே மாற்றிப் புதிது போட்டேன். அதற்குப் பிறகும் வெட்டியது. அதே வாரம் அல் கூஸில் ஒரு வேர்ஹவுஸின் மாடியில் சில்லர் வேலை முடித்து இறங்கும்போது ஏணியில் ஒரு படியைத் தவறவிட்டேன். கை பிடித்திருந்ததால் தப்பித்தேன், ஷூ வழுக்கிவிட்டது என்று நினைத்து ஷூவைத்தான் குறை சொன்னேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன் மக்களே, என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் கேமராதான் கெட்டுவிட்டது என்று உஸைரிடம் கொண்டுபோனேன். அவன் படங்களை எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒரு பொடியும் இல்ல. தண்ணி பளிங்கு மாதிரி கெடக்கு. நீங்க எதச் சொல்றீங்க?" என்று கேட்டான். சரி, கடைக்காரன் தன் சரக்கை விட்டுக்கொடுப்பானா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வழக்கம்போல ஷாலைப் போர்த்திக்கொண்டே அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். கிளினிக்குக்கு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அயர்ன்பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். "எப்பந்தொட்டு?" என்று கேட்டாள். பத்து நாளிருக்கும் என்றேன். என்னைத் தொட்டிமுன் நிறுத்தி, இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, "இப்பம் எத்தன மீன் தெரியுது?" என்றாள். ஒன்று என்றேன், இன்னொன்று செடிக்குப் பின்னால் போயிருக்கும் என்றேன். "போகல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது" என்றாள். இடது கண்ணைத் திறந்தேன். இரண்டும் இருந்தன. மறுபடி பொத்தினேன், மேலே நின்ற மீன் இருந்த இடத்தில் பாதி இறக்கிய ஷட்டர் மாதிரி ஒரு நிழல் மட்டும் இருந்தது. அம்மா ஷாலைக்கூட என் மேலிருந்து எடுக்கவில்லை, அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போய் டாக்ஸி பிடித்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வலது கண்ணின் உள்ளே இருக்கும் திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது என்றார்கள். டாக்டர் மெஹர்பானு என்று ஒரு அம்மா, ஹைதராபாத்காரர், ரொம்ப நேரம் பார்த்தார். வியாழக்கிழமை பிளைட் இருக்கிறது, மகளின் பட்டமளிப்பு, திரும்பி வந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் ஸாப், வியாழன் மாஃபி. கல் ஸுபஹ், பஸ்" என்றார். வியாழன் கிடையாது, நாளைக் காலையே, வேறு பேச்சில்லை என்று அர்த்தம். நடுப்பார்வை இன்னும் தப்பியிருக்கிறது, இரண்டு மூன்று நாள் போனால் அதுவும் போய்விடும் என்றார். மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்து, அது திரையை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று ஏழு நாள் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். அந்த வாயு கரையும்வரை விமானத்தில் ஏறினால் கண்ணே போய்விடும் என்றார்கள். அம்மாவை மட்டும் உன்னிடம் அனுப்பப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நீ விழாவை விட்டுவிட்டு அடுத்த பிளைட்டில் இங்கே வந்து நிற்பாய் என்று தெரியும். நாலு வருஷம் பனியிலும் மழையிலும் பார்ட் டைம் வேலை பார்த்துப் படித்த படிப்பு, அந்த மேடையில் நீ ஏறாமல் போனால் எனக்கு இரண்டு கண்ணும் இருந்து என்ன பயன் என்று நினைத்தேன். அதனால்தான் அந்தப் பொய். சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். உன் விழாவை நான் பார்த்தேன். நான் இரண்டு தலையணைக்கு நடுவில் முகத்தை வைத்துக் கட்டில் ஓரத்தில் குப்புறக் கிடக்க, அம்மா போனைத் தரையில் வைத்து லைவ் போட்டுத் தந்தாள், தானும் தரையில் படுத்துக்கொண்டாள். இடது கண்ணால் பார்த்தேன். உன் பெயரை அந்த வெள்ளைக்காரர் ஷஜைனி என்று கொன்றுவிட்டார். ஆனாலும் நீ நடந்து வந்தாய், சிரித்தாய், கூட்டத்தில் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாய். எங்களைத் தேடினாய் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. அம்மா அழுதாள். எனக்கு அழக்கூடாது என்று உத்தரவு, கட்டிலைத் தட்டித் தட்டிக் கைதட்டினேன்.

அதன்பிறகு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பார்வையில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே தளும்பல், தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். நாளுக்கு நாள் கோடு இறங்கி, டிசம்பர் கடைசியில் ஒரு சின்னக் குமிழாகி, ஒரு காலை எழுந்து பார்த்தால் அதுவும் இல்லை. போன வாரம் டாக்டர் மெஹர்பானு சார்ட்டில் கடைசிக்கு முந்தின வரிவரைக்கும் படிக்க வைத்தார், படித்தேன். அவரும் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள், நான்தான் அசிங்கமாக அழுதேன். கம்பெனியில் ஏணி வேலை வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பில் உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே பாலாவும் மற்ற பையன்களும் என்னை ஒரு ஸ்பேனர்கூடத் தூக்க விடுவதில்லை.

சனிக்கிழமை மறுபடி தொட்டிமுன் உட்கார்ந்தேன். வலது கண்ணைத் துளையில் வைத்தேன், தண்ணீர் தண்ணீராக இருந்தது. இருநூறு படத்துக்கு மேல் எடுத்து அதில் ஒன்று தேறியது, அதை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையமும் துடுப்பின் கடைசி நூலும் விழுந்திருக்கிறது பார்.

இனி முக்கியமானது. உனக்கும் எனக்கும் ஒரே சோடாபுட்டிக் கண்ணாடி, இந்த மாதிரி அதிகப் பவர் இருக்கிறவர்களுக்கு இது கூடுதலாக வருமாம், மகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். கண்ணாடிக் கடையில் போய் நிற்காதே, மருந்து ஊற்றி உள்ளே பார்க்கும் டாக்டரிடம் போ. பிப்ரவரியில் நாங்கள் இருவரும் வருகிறோம், டாக்டர் பறக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் எந்தத் தேதி, எந்த பிளைட் என்று இப்போது சொல்ல மாட்டேன். உன் கண் பரிசோதனைக்குத் தேதி வாங்கி எனக்கு அனுப்பு, அது வந்த பிறகுதான் எங்கள் தேதி இங்கிருந்து வரும். கோபம் இருந்தால் திட்டிக்கொள், ஆனால் இன்றைக்கே கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன் கண்ணையும் காலையும் காத்து, போகிற வழியெல்லாம் கூட வரட்டும்.

உன் அன்பு அப்பா,
இஸ்ரவேல்

பின்குறிப்பு: அம்மா இதை முழுதும் படித்துவிட்டாள். லீவு கேன்சல் என்ற பொய்யில் தனக்குப் பங்கில்லை என்று தனியாக எழுதச் சொல்கிறாள். நம்பாதே மக்களே, அந்த யோசனையே அவளுடையதுதான்.