மூடச் சொன்னவர்களே உங்களுக்கு மாலை போட்டார்கள்

என் தனம் அக்காவுக்கு,

கோபம் வந்தால் உங்களிடம்தான் வந்து கொட்டுவேன். நீங்கள் போன பிறகு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. ஜும்மா முடிந்து எங்கள் அண்ணன் கடைக்குக்கூடப் போகாமல் நேராகக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டார். நம் கஞ்சி மையங்களை நடத்தும் அறக்கட்டளையின் ஆலோசனைக் குழு மெட்ராஸிலிருந்து வந்திருந்தது. ஊட்டச்சத்துக்கு நீங்கள், பொருளாதாரத்துக்குப் பேராசிரியர், நிர்வாகத்துக்கு ஓய்வுபெற்ற அதிகாரி என்று மூன்று நிபுணர்கள் இருந்த குழு. இப்போது இரண்டு பேர்.

பேராசிரியர் உங்கள் படத்துக்கு மாலை போட்டார். "எங்கள் குழுவின் முடிவுகளை மலை மக்களிடம் கொண்டுசேர்த்தவர் தனலட்சுமி அம்மையார்" என்று பேசினார். எந்த முடிவுகளை அக்கா? அவர்கள் எடுத்த ஒரு முடிவை நீங்கள் எப்படிக் கொண்டுசேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். அவர்களும் படிக்கட்டும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கல்வராயன் மலையிலிருந்த நம் கஞ்சி மையங்களுக்குப் போகவேண்டிய சாமை, வேர்க்கடலை, வெல்லம் எல்லாம் என் பொறுப்பில் இருந்த கிடங்கிலேயே கிடந்தன. குழந்தைகளை எடை பார்க்க வந்த நீங்கள் திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டில் தங்கியிருந்தீர்கள். மெட்ராஸிலிருந்து அண்ணன் கடைக்கு டிரங்க் கால் வந்தது.

"நிலைமை சரியாகும் வரை மையங்களை மூடிவிடுங்கள். இது குழுவின் ஒருமனதான ஆலோசனை" என்றார் பேராசிரியர். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நானும் குழுவுலதான சார் இருக்கேன். எனக்குத் தெரியாம எப்படி ஒருமனசாச்சு?"

"நீங்கள் கலவரத்துக்கு நடுவில் பதற்றத்தோடு இருக்கிறீர்கள், எங்களுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது" என்றார் அவர். "அங்கேர்ந்து பாத்தா இங்க பசிக்கிற வயிறு தெரியுதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தீர்கள்.

மறுநாள் காலையில் அண்ணனின் மாட்டு வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றி ஆட்கள். தோளில் துண்டு போட்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, வண்டி எங்க போவுது?"

"மலைக்குப்பா. புள்ளைங்களுக்குக் கஞ்சிச் சாமான்."

"எங்க புள்ளைங்களுக்கு இத்தினி காலமா யாரு இன்னா குடுத்தாங்க? அதக் கேட்டுதான் குந்திக்கினு இருக்கோம். திருப்பிக்கினு போங்க."

நீங்கள் கெஞ்சவில்லை. "நீ கேக்குறது நியாயந்தான். நானும் ரிஷிவந்தியம் பக்கந்தான். எங்க தம்பியும் இந்நேரம் எங்கியோ ரோட்டுல குந்திக்கினுதான் இருப்பான். உன் புள்ளைக்கு இன்னா வயசு?" என்றீர்கள்.

"மூணு."

"நல்லா ஓடுதா, ஆடுதா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "எந்நேரமும் சொணங்கிப் போயி படுத்துக்கினே கெடக்குதும்மா" என்றார்.

"தூக்கினு வா, பாக்கறேன்."

வெட்டிப்போட்ட மரத்தின் மேலேயே உட்கார்ந்து அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தீர்கள். கண் இமையை விலக்கிப் பார்த்தீர்கள். அதன் அம்மாவிடம் சாமையை எப்படி வறுக்க வேண்டும், கடலை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பக்குவம் சொல்லி, மூட்டையைப் பிரித்து அவள் முந்தானையில் போட்டீர்கள். அதைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் குழந்தைகளோடு வந்தார்கள். வெயில் ஏறியபோது, தடுக்க வந்தவர்களே மூட்டைகளைத் தோளில் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கே அவர்களே வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். போராட்டத்தை அவர்கள் விடவில்லை. நீங்களும் விடச் சொல்லவில்லை.

மலையடிவாரத்துக்குப் பெண்கள் இறங்கி வந்து மூட்டைகளைச் சுமந்துகொண்டு போனார்கள். வழியிலிருந்த மையங்களில் அடுப்பு அணையவே இல்லை. ஆனால் வெள்ளிமலைக்கும் மேலேயிருந்த கடைசி ஊருக்கு நமக்கு முன்னால் மெட்ராஸ் உத்தரவு தந்தியில் போய்விட்டது. மேற்பார்வையாளர் மையத்தைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டார். அந்த நாட்களில் அந்த ஊர்ச் சின்னப்பொண்ணுவின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டிருக்கிறது. நம் கஞ்சியில் தேறி வந்துகொண்டிருந்த குழந்தை. நாம் போய்ச் சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள்.

"தொறந்திருந்தா கஞ்சித் தண்ணியாச்சும் ஊத்தியிருப்பேன். பூட்டினு போயிட்டாங்க. ஏன்னுகூடச் சொல்லல" என்றாள் சின்னப்பொண்ணு. அழவில்லை. உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பது போலச் சொன்னாள். நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு என்னையும் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நடந்ததைச் சொன்னீர்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனால் மையத்தை மூடியதால்தான் குழந்தை இறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லையே" என்றார். அதிகாரி தலையாட்டினார்.

"இல்லதான் சார். நானும் இதையேதான் படிச்சேன், எனக்கும் தெரியும். ஆனா மூடுங்கன்னு சொன்னப்ப எந்த ஆதாரத்தைக் கையில வெச்சிருந்தீங்க?"

அதிகாரி அடுத்த கோப்பைப் பிரித்தார். நீங்கள் விடவில்லை. ஊருக்கு ஒரு தானியக் குதிர் வேண்டும், அதன் சாவி அந்த ஊர்த் தாய்மார்களிடம் இருக்க வேண்டும், மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு யாரும் எதையும் மூடக்கூடாது என்றீர்கள். நிர்வாகத்துக்குச் சரிவராது என்றார்கள். படிக்காதவர்களிடம் எப்படி ஒப்படைப்பது என்றார்கள். சாப்பாட்டு வேளை தாண்டியும் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், சோதனை முறையில் செய்து பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்கள். அடுத்த மழையில் மலைப்பாதை சரிந்து ஜீப் ஏற முடியாமல் போனபோது, அந்தக் குதிர்களில் இருந்த சாமைதான் கஞ்சியானது. ஒரு மையத்தையும் மூடவில்லை.

அப்புறம் உங்களுக்குக் காமாலை வந்தது. ஊர்க் குழந்தைகளின் கண்ணையெல்லாம் பார்த்த நீங்கள் உங்கள் கண்ணைக் கண்ணாடியில் பார்க்கவே இல்லையா அக்கா?

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாலை போட்ட கையோடு பேராசிரியர் ஓர் அறிவிப்பு செய்தார். குதிர்களை எடுத்துவிடப் போகிறார்களாம். இனி மெட்ராஸிலிருந்து சத்து பிஸ்கட் பாக்கெட்டுகள் வருமாம். நிபுணர்களின் புதிய ஆலோசனையாம். "இது தனலட்சுமி அம்மையாரின் கனவு" என்று முடித்தார். கைதட்டினார்கள் அக்கா. உங்கள் படத்தை வைத்துக்கொண்டு, உங்கள் வேலையை அழிப்பதற்குக் கைதட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "அது அக்காவோட கனவு இல்ல சார். ரோடு அடைச்சா உங்க பிஸ்கட்டு எப்படி மலையேறும்? அதுக்குத்தான அக்கா சண்ட போட்டாங்க?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, உட்காருங்க" என்றார் அதிகாரி.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னப்பொண்ணு. மலையிலிருந்து நான்கைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "சாவி எங்ககிட்ட இருக்குது. குடுக்க மாட்டோம்" என்றாள். அவ்வளவுதான். பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். நானும் போனேன். அண்ணனும் பின்னாலேயே வந்தார்.

திங்கட்கிழமை அறக்கட்டளைக் கிடங்கில் எனக்கு வேலை போய்விட்டது. வீட்டில் யாரும் திட்டவில்லை. "போனா போவுது வுடு" என்றார் அண்ணன். மலையில் தாய்மார்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். இந்த அறுப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் சாமை குதிருக்கு வருமாம். வேர்க்கடலைக்குத்தான் வழி தெரியவில்லை. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டைப் பக்கம் விவசாயிகளிடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன். கொடுப்பார்களா? அந்தப் புளியமரத்தருகே உங்களைப் பார்த்தவர்கள் யாராவது அங்கே இருக்க மாட்டார்களா?

நீங்கள் செய்த வேலை முழுதும் எனக்குத் தெரியாது. எடை பார்க்கத் தெரியும், கஞ்சிப் பக்குவம் தெரியும். மற்றதைக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. இனி உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும், எந்த ஊரிலும் ஒரு குழந்தையின் கஞ்சியை நிறுத்த நான் விடமாட்டேன்.

உங்களோடு பிறக்காத, ஆனால் நீங்கள் விடாமல் வளர்த்த தங்கச்சி,
மும்தாஜ்
கள்ளக்குறிச்சி