தண்ணீரில் மிதந்த கட்டுத்துணி

கும்மிடிப்பூண்டி
9-7-1974

என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் அவர்களுக்கு அங்காளம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் செல்லியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் கால் புண் எப்படி இருக்கிறது என்பதை மழுப்பாமல் எழுதவும்.

செல்லி நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். பழவேற்காட்டிலிருந்து உங்கள் அண்ணன் வந்திருந்தார். உங்கள் வலையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சும்மா கிடந்து மக்குவதற்குப் பதில் உதவட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

கம்பெனியில் போன மாதம் என்னை மடிக்கும் மேசையிலிருந்து சோதனை மேசைக்கு மாற்றினார்கள். தறியிலிருந்து புண் கட்டுவதற்கு வரும் பருத்தித் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அதை சோடா போட்டு நாலு மணி நேரம் வேகவைத்து, அலசி, வெளுத்து, கிருமி அண்டாமல் இருக்க மஞ்சள் மருந்தில் முக்கி நிழலில் காயவைக்கிறோம். பிறகு ஒவ்வொரு கட்டிலும் உள்ளங்கை அகலம் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பத்து வரை எண்ணவேண்டும். அதற்குள் மூழ்கினால் நல்ல துணி. சீட்டில் என் ஏழாம் நம்பர் முத்திரையைக் குத்துவேன். மிதந்தால் சரியாக வேகாத துணி. அது புண்ணின் நீரை உறிஞ்சாது. மேலே மருந்து இருந்தும் உள்ளே சீழ் தேங்கிவிடும்.

போன வாரம் விறகு வரவில்லை. ஆர்டரோ அவசரம். ஒரு மணி நேரத்திலேயே தொட்டியிலிருந்து துணியை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை என் மேசைக்கு நாற்பது கட்டு வந்தது. போட்ட துண்டெல்லாம் மிதந்தது. பத்துக்குப் பதில் அறுபது வரை எண்ணினேன், அப்போதும் மிதந்தது. சூப்பர்வைசர் தேவராஜனிடம் சொன்னேன். தினமும் திருவள்ளூரிலிருந்து வருகிறவர், நெற்றியில் நாமம் கலையாமல் இருக்கும், கத்திப் பேசாத மனிதர். அவர், "மஞ்சளாத்தானே இருக்கு, போதும். குத்திடும்மா, லாரி நிக்கறது" என்றார். மாட்டேன் என்றேன். என் முத்திரையை எடுத்து அவரே குத்திவிட்டார்.

பன்னிரண்டு கட்டு அன்றைக்கே போய்விட்டது. சீட்டில் பெயரைப் பார்த்தேன். நீங்கள் இருக்கும் ஆஸ்பத்திரி.

அங்கே எனக்கு ஆள் இருக்கிறது என்று யாரிடம் சொல்ல? கம்பெனியிலும் தெருவிலும் நீங்கள் பம்பாய்த் துறைமுகத்தில் வேலை செய்வதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். செல்லிக்கும் அதுதான் தெரியும். ஆகையால் ஒரு காரியம் செய்யவும். உங்களுக்குக் கட்டும் மஞ்சள் துணியில் கட்டாத துண்டு ஒன்று வாங்கி, டம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து எண்ணிப் பார்த்து, எனக்கு உடனே எழுதவும்.

வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அங்காளம்மாள்


கும்மிடிப்பூண்டி
28-7-1974, ஞாயிறு

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

இன்று ஆடி இரண்டாம் ஞாயிறு. கம்பெனிப் பெண்கள் எல்லாரும் லாரி பேசிக்கொண்டு பெரியபாளையத்து அம்மனைக் கும்பிடப் போயிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

உங்கள் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. துணி மிதந்தது என்றும், நர்ஸ் ஞானம்மா சிஸ்டர் தன் கையால் போட்ட துண்டும் மிதந்தது என்றும், வார்டில் ஆறு பேருக்குப் புண் நாற்றம் எடுத்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு பேரில் நீங்களும் ஒருவர் என்று எனக்குத் தெரியாதா?

வெறும் வாயால் சொன்னால் முதலாளி நம்பமாட்டார். கடிதத்தைக் காட்டவேண்டும். காட்டினால் மேலேயே ஆஸ்பத்திரிப் பெயர் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்துவிட்டால் அது யாரோ எங்கிருந்தோ எழுதிய காகிதம் ஆகிவிடும். இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்து வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கையில் வாங்கிப் படித்துக்கொண்டே, "இது யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். "எங்க ஊட்டுக்காரரு. பம்பாய்ல இல்ல, பொய் சொல்லிக்கினு இருந்தேன். பெருவியாதி ஆஸ்பத்திரில கீறாரு" என்றேன். அவர் கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆனால் மீதியையும் விடாமல், தொடாமலே குனிந்து படித்தார். அதையும் சொல்லவேண்டும்.

தேவராஜனைக் கூப்பிட்டார். சீட்டில் இருப்பது என் நம்பர். இவள்தான் குத்தினாள் என்று அவர் சொல்லியிருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் சார் குத்தினேன். அந்தம்மா மாட்டேன்னுதான் சொல்லித்து" என்றார். குடோனில் இருந்த இருபத்தெட்டுக் கட்டையும் பிரித்து மறுபடி வேகவைத்தோம். உங்களுக்கு வந்த பன்னிரண்டுக்கும் பதிலாக வேறு கட்டுகள் திங்கட்கிழமை லாரியில் ஏற்றினார்கள். வந்து சேர்ந்ததா? ஞானம்மா சிஸ்டரை அதையும் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லவும்.

புண்ணுக்குப் போகும் துணியை என் கை தொடவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டி, உடம்பில் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இப்போது எனக்கு வேகவைக்கும் தொட்டியில் வேலை. சோடாத் தண்ணீரில் உள்ளங்கை உரிகிறது, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன். அங்கே நான் நிற்கிறவரை நாலு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முழம் துணி வெளியே வராது. தேவராஜனும் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்கிறார். 

வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆடியில் யாரும் குடி மாறமாட்டார்கள் என்று ஆவணி வரை விட்டிருக்கிறார். ரயில்வே கேங்மேன் சாலமோன் லைன் ஓரத்தில் இருக்கும் தன் பின்கட்டு அறையைத் தருவதாகச் சொன்னார். உங்களைப் பற்றி எல்லாம் சொல்லித்தான் கேட்டேன்.

செல்லியிடமும் சொல்லிவிட்டேன். தெருவில் பிறர் சொல்லித் தெரிவதற்கு நான் சொல்வது மேல்.  அவள், "நைனாக்கு வெரலு கீதா?" என்று கேட்டாள். வலது கையில் இரண்டு மடங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். "அப்ப பட்டம் கட்டித் தருவாரா?" என்றாள். தருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். வியாதி அடங்கிவிட்டது, பிறருக்குத் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், புண் ஆறினதும் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தாற்போலவே, எனக்கு அங்கே என்ன இருக்கிறது, இங்கேயே தோட்ட வேலை செய்துகொண்டு இருந்துவிடுகிறேன், வேண்டுமானால் இருட்டினபிறகு ஒருநாள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் போய்விடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நாலு முறை படித்தேன்.

யாருக்குத் தெரியாமல் வரப்போகிறீர்கள்? தெரியவேண்டியவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கூப்பிடாதவர்கள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நானும் செல்லியும் சோறு தின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

புண் நன்றாக ஆறட்டும், அவசரம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் தரும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, சென்ட்ரலில் காலை கூடூர் பாசஞ்சரில் ஏறவும். வெயில் இருக்கும்போது இறங்கவும். நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் நிற்போம். அங்கிருந்து கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போவோம். யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர் என்று சொல்லுவேன்.

எந்தத் தேதி என்று மட்டும் எழுதவும். வேறு எதுவும் எழுதவேண்டாம்.

உங்கள்
அங்காளம்மாள்