என் கடிதத்தின் பேரில் இருபத்திரண்டு மரங்கள்

மார்ச் 3

வயிறு எரிகிறது. எழுதினால்தான் கொஞ்சமாவது அடங்கும்.

காலை ஆறரைக்கு வழக்கம்போல் தோட்டத்தில் இறங்கினேன். மாதுளையில் செம்பு நிறத் துளிர். எலுமிச்சை பூத்துவிட்டது; ஒரு கிளையை மூக்கருகே இழுத்து விரலில் முள் வாங்கிக்கொண்டேன். புதினாப் பாத்தியில் நான்கு நத்தைகள், ஏதோ அவை விதைத்ததுபோல. எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. தோட்டத்தின் பின்கதவைத் திறந்து அதை ஒட்டிய காட்டுக்குள் பத்தடி வைத்திருப்பேன், முதல் மரத்தின் வயிற்றில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. கீழே எண் 1. அடுத்த மரத்தில் 2. ஓடை வரைக்கும் எண்ணிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு. பதினேழாவது, முழங்கைபோல் மடங்கி நிற்குமே, நான் மூச்சு வாங்க உட்காரும் மரம். தொட்டால் விரலில் ஒட்டுகிறது பெயின்ட். குளிர் முழுக்க மொட்டையாக நின்று இந்த வாரம்தான் தளிர்விட்டிருக்கின்றன. வெட்ட நல்ல நேரம் பார்த்தார்கள்!

ஓடைப் பக்கம் ஒரு பலகை: ‘பொதுமக்களின் கோரிக்கையின் பேரில் சிமென்ட் நடைபாதை.’ எந்தப் பொதுமக்கள்? எவன் கேட்டான்? அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஜன்னலோரம் வீல்சேரில் இருந்தபடி, “எத்தனை அடி அகலமாம்?” என்றார்.

“மரம் போகுதுங்கறேன், நீங்க அகலம் கேக்கறீங்களே!”

சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆன மனுஷரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

மார்ச் 4

அரை நாள் பர்மிஷன் போட்டு நகராட்சிக்குப் போனேன். என்ஜினியர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் பாதி சாப்பிட்ட ஆப்பிள் பழுப்பேறிக் கிடந்தது. எந்தப் பொதுமக்கள் என்று கேட்டேன். ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

என் கடிதம். என் கையெழுத்து. போன வருஷம் ஜூலை மழையில் எழுதியது. ஓடைக்கு முன்னால் சேற்றில் இவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அடுத்த வாரம். இரண்டு ஆபரேஷன் முடிந்து, இனி நடக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்தது அதற்கப்புறம். ‘மேற்படி பாதையை அனைவரும் வசதியாகச் சென்றுவரும்படி சீரமைத்துத் தருமாறு வேண்டுகிறேன்.’

“நீங்க கேட்டதுதானே மேடம்?”

“வழுக்கற இடத்துல நாலு கல்லு போடச் சொன்னேன்மா. காட்டை மொட்டையடிக்கச் சொல்லல.”

“கல்லுன்னு இதுல எங்கயும் இல்லையே.”

இல்லை. உண்மைதான். முப்பத்தொரு வருஷமாக வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். ஊரார் பத்திரத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிப்பேன். என் சொந்தக் கடிதத்தில் ‘வசதியாக’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். வசதி என்றால் யாருக்கு? எவ்வளவு?

கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அதற்கு விதி இல்லையாம். டெண்டர் முடிந்துவிட்டதாம். ஏப்ரல் முதல் வாரம் வேலை.

மார்ச் 5

கேட்டவன் கையில் கிடைத்துவிட்டாள். என்ன செய்வது அவளை?

மார்ச் 7

வக்கீலிடம் தடை வாங்க முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கேஸ் தோற்றுவிட்டது என்று அர்த்தம். “மனு கொடுத்ததும் நீங்க, தடை கேக்கறதும் நீங்களா? ஜட்ஜ் என்னைப் பார்த்துச் சிரிப்பாரும்மா.”

மார்ச் 9

காட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பட்டார். வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி. நாங்கள் வைத்த பெயர் வாக்கிங் மாமா. கையெடுத்துக் கும்பிடாத குறை.

“உங்க புண்ணியத்துலதாம்மா இது நடக்குது. இனிமே ஷூவுல சேறு படாது.”

“காட்டுக்கு வந்தா சேறு படத்தான் செய்யும். பிடிக்கலேன்னா மொட்டைமாடியில நடங்க.”

எனக்கு பிரஷர் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இருக்கட்டும். இருந்தால்தான் என்ன?

மார்ச் 12

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

புது மனு தயாரித்தேன். நடைபாதைத் திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும்; ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, எவளும் வேறு அர்த்தம் பண்ண முடியாதபடி. நாற்பது வீட்டில் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். முதல் கையெழுத்து இவருடையது என்று முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

“நான் போடல.”

“ஏன்?”

“எனக்கு அந்தப் பாதை வேணும்.”

காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன். இவர் குரலை உயர்த்தவே இல்லை.

“எட்டு மாசமா தினமும் நீ போயிட்டு வர்ற. வந்து துளிர் விட்டிருக்கு, மரங்கொத்தி பொந்து போட்டிருக்குன்னு சொல்ற. நான் ஊம் கொட்டறேன். சிமென்டோ தாரோ, சக்கரம் உருளற மாதிரி ஏதாவது போட்டாத்தான் நான் அந்த ஓடையைப் பார்க்க முடியும். அதை நிறுத்தறதுக்கு என்கிட்டயே கையெழுத்தா?”

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். மரம் வெட்டுகிறவர்களுக்கு நீங்களும் கூட்டா என்பதில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? தூக்கி உட்கார வைக்கறது நான், குளிப்பாட்டறது நான். எனக்குன்னு அந்த ஒரு மணி நேரம்தானே...

நான் கேட்டேனா?

கேட்கவில்லை.

மார்ச் 13

பேச்சுவார்த்தை இல்லை. டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு வீம்பில், “வாங்க, இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன், சிமென்ட் எதுக்கு” என்று வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அங்கே நின்றுவிட்டேன்.

மூன்று படிகள்.

என் சமையலறையிலிருந்து என் தோட்டத்துக்கு இறங்க மூன்று படிகள். காட்டை விடு. மாதுளையைக்கூட இவர் எட்டு மாதமாகக் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. பார்த்தாரா என்று எனக்கே இப்போதுதான் தோன்றுகிறது. நகராட்சியைக் கேள்வி கேட்கப் படியேறிப் போனவள், வீட்டில் இருக்கும் படியைப் பார்க்கவில்லை. என்மேலேயே வந்த ஆத்திரத்தில் பரணில் கிடந்த பழைய கதவை இழுத்து இறக்கிப் படிமேல் சாய்த்துப் போட்டேன். முதலில் ஒரு பக்கம் ஆடியது. அடியில் செங்கல் கொடுத்தேன். “செங்குத்தா இருக்கு, இன்னும் நீளமான பலகை வேணும்” என்றார். நாளை பலகை வாங்கலாம், இன்றைக்கு உயிரோடு இறங்குங்கள் என்றேன். பின்பக்கமாகப் பிடித்துப் பிடித்து இறக்கினேன்.

எலுமிச்சைக்கு அடியில் ஒரு மணி நேரம் இருந்தார். நத்தையைப் பார்த்து, “இதை யாரு வளர்க்கறா?” என்றார். சிரித்துவிட்டேன். தோற்றேன்.

அப்புறம் அவரே கேட்டார்: “மொத்த மரத்தையும் வெட்டாம ஒரு பாதை போக வழி இருக்கான்னு யாராவது அளந்து பார்த்தாங்களா?”

மார்ச் 20

ஐந்து நாளாகக் காலையில் நான் காட்டில் சர்வே கூலி. டேப், மூங்கில் குச்சி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய். அளந்து எழுதிக்கொண்டு வருவேன். இவர் சாப்பாட்டு மேஜையில் படம் போடுவார். போட்டுவிட்டுத் திட்டுவார்.

“ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ரெண்டு அடி எங்க போச்சு? டேப்பைத் தொங்க விட்டியா?”

“அங்க எறும்புப் புத்து. நீங்க வந்து பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அதுக்குத்தானே பாதை கேக்கறேன்!”

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் படம் அழகாக வருகிறது.

மார்ச் 24

என்ஜினியர் நேரில் பார்க்க வந்தாள். வக்கீலின் லெட்டர்ஹெட்டில் நான்கு வரிகள் போனதும் வந்தாள் என்பதைக் குறித்து வைக்கிறேன். பெயின்ட் அடித்த ஆட்கள் இருவரும் கூட வந்தார்கள். அவர்கள்தான் இவரை நாற்காலியோடு தூக்கி, வேர் மேட்டையெல்லாம் தாண்டி உள்ளே கொண்டுவந்தார்கள். இவர் அண்ணாந்தே இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படத்தை விரித்தோம். அவள் மேலோட்டமாகப் பார்த்தாள். “சார், நேர்பாதைக்குத்தான் சாங்ஷன். வளைச்சா நாற்பது மீட்டர் கூடுது.”

“உங்க நேர்பாதை இந்த மேட்டு மேல ஏறுது. ஏழு அடிக்கு ஒரு அடி ஏத்தம். நான் வளைச்சிருக்கறது மேட்டைச் சுத்தி, பதினஞ்சுக்கு ஒண்ணு. அகலத்தைப் பாதியாக்குங்க. மூணு மரத்தோட முடிஞ்சிரும்.”

“கொஞ்சம் ஏத்தம்தானே சார், தள்ளினா ஏறிடும்.”

“அப்ப தள்ளுங்க.”

அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. “இங்கதானே சிமென்ட் போடப்போறீங்க. மண்ணு காஞ்சு கெட்டியாத்தான் இருக்கு. தள்ளிக் காட்டுங்க.”

பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். பாவம், நிஜமாகவே தள்ளினாள். பாதி மேட்டில் செருப்பு சறுக்கியது. நாற்காலி பின்னால் வர ஆரம்பித்தது. நானும் ஒரு ஆளும் ஓடிப்போய்த் தாங்கினோம். அவளுக்கு முகமெல்லாம் வியர்வை.

என் வாய் சும்மா இருக்குமா? “அனைவரும் வசதியாகன்னு எழுதியிருந்தேனேம்மா. படிச்சீங்கதானே?”

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். போகும்போது இவரிடம் மட்டும், “இந்த லெவல் எல்லாம் யார் சார் எடுத்தது?” என்று கேட்டாள்.

“என் அசிஸ்டென்ட்” என்றார்.

அசிஸ்டென்டாம்!

ஏப்ரல் 2

கடிதம் வந்தது. திருத்திய வரைபடம் ஏற்கப்பட்டது. சிமென்ட் இல்லை, சரளையை இறுக்கிப் போடுவார்களாம். இவர் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். வக்கீலிடம் காட்டி இதற்கும் ஒரு கடிதம் போடவா என்றால், சும்மா இரு என்கிறார்.

ஏப்ரல் 11

இன்றைக்கு ரம்பம். மூன்றுதான். மூன்றுதான் என்று ஊரே எனக்கு ஆறுதல் சொல்கிறது. பத்தொன்பது மரங்கள் தப்பியதைக் கொண்டாட வேண்டுமாம். பதினேழாம் எண் போய்விட்டது. வளைவில் குறுக்கே நின்றதால் எப்படிப் படம் போட்டாலும் தட்டியதாம். எட்டு முறை மாற்றிப் போட்டுப் பார்த்தேன் என்றார். எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். இருந்தும் ராத்திரி சாப்பாடு வரை இவரோடு பேசவில்லை. யாரோடு பேசாமல் இருப்பது, வேறு ஆள் இல்லையே.

ஆபீஸில் இருந்தும் காதில் அந்தச் சத்தம்தான். ஒரு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு தப்பு விட்டேன்.

மே 6

பாதை முடிந்து நான்காம் நாள். முதல் மூன்று நாள் நான் கூடப் போனேன். “கையை எடு, நானே உருட்டிக்கறேன்” என்று மூன்று நாளும் சண்டை. பின்வாசல் படிமேல் நீளப் பலகை போட்ட பிறகு அங்கேயும் என் கை வேண்டாமாம். இன்று நான் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் தோட்டக் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். சொல்லிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

ஆறரைக்குப் போயிருப்பார். இப்போது எட்டேகால். டீ இரண்டு தரம் சூடு பண்ணியாயிற்று. வாக்கிங் மாமா திரும்பி வந்துவிட்டார். “சார் ஓடைக்கிட்ட இருக்காரும்மா, என்னையும் உக்காரச் சொன்னாரு, எனக்குத்தான் நேரமில்லை” என்கிறார். உட்காரச் சொன்னாராம்! இங்கே ஒருத்தி ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டாமா?

இரண்டு முறை பின்கதவு வரைக்கும் போனேன். தேடிக்கொண்டு போகவில்லை. போக மாட்டேன். வரட்டும். இருக்கிறது இன்றைக்கு.