சொந்த ஊர் என்ற கட்டம்

அப்பா,

தோட்டத்துப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். சோறு வடித்துவிட்டேன். நேற்றைய மீன் குழம்பைச் சுட வைத்து, பூனைக்கு எட்டாமல் உறியில் வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் கூடத்தான்.

சென்னைக் கல்லூரியின் விண்ணப்பத் தாள் மேசையில் என் நாவலுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து வேண்டும். தபால் எடுக்க மருதமுத்து அண்ணன் பதினோரு மணிக்கு வருவார். இன்று விட்டால் இந்த வாரக் கப்பலுக்குச் சேராது.

"ஊருக்குத்தானே போகச் சொல்றேன், அதுக்கு ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பனி கொட்டுற சீமையெல்லாம் ஒன் புத்தகத்தோட இருக்கட்டும்" என்று நேற்று சொன்னீர்கள். அதற்குத்தான் எழுந்து போனேன்.

காலையில் தாளை நிதானமாகப் படித்தேன். நம்மைப் போலக் கடல் கடந்து வந்து தோட்டத்தில் குடியேறியவர்களுக்கு அதில் 'வெளிநாட்டு மாணவர்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் போகலாம் என்று தோன்றிவிட்டது. நான் பார்க்காத ஊர், என்னைத் தெரியாத ஜனங்கள். கதைகளில் நான் தேடுவதும் அதைத்தான். பனி இல்லாவிட்டால் பரவாயில்லை.

அக்காவின் பிரசவத்துக்குப் போன அம்மாவிடம் சொல்ல நியாலாஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன்.

தணிகாசலம்

மழை வந்தால் கொடியில் உங்கள் வேட்டி இருக்கிறது.

இன்னொன்று. 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் நீங்கள் விட்டு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்தை எழுதச் சொல்வீர்கள். நான் நம் தோட்டம் இருக்கும் மெர்லிமாவ் என்று எழுதிவிட்டேன். படித்து முடித்து நான் கப்பல் ஏறி வரவேண்டியது இங்கேதானே. அதை அடிக்காமல் கீழே கையெழுத்து மட்டும் போடுங்கள்.