கூரை மேல் ஏறிய ஞானியும் என்னைக் கைவிட்ட அம்மாவும்

என் வாயாடி அம்மாவுக்கு, உன் வாயை அப்படியே உரித்து வைத்திருப்பவள் எழுதுவது.

உன் மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். இது நீ உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய கோபம். பாதியில் எழுந்து போனது நீதான்.

சங்ககிரியில் ரயிலேறிச் சேலத்து விடுதிப் பள்ளிக்கு நான் போக வேண்டுமானால் வேத வசனங்கள் மனப்பாடமாக வேண்டும் என்று நம் வேதக்கோயில் உபதேசியார் சொல்லியிருந்தார். ஐப்பசி மழையில் அடுப்படியில் உட்கார்ந்து நான் படிப்பேன். நீ ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பாய். அந்தக் காலத்து எபிரேய ஞானிகள் பெண்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் உனக்கு நல்ல தீனி. சண்டைக்கார மனைவி அடைமழையில் ஓயாமல் ஒழுகும் கூரை மாதிரி என்று ஓரிடத்தில் வரும். அவளோடு இருப்பதைவிட வீட்டின் மேலே ஒரு மூலையில் போய் உட்காரலாம் என்று இன்னோரிடத்தில்.

நீ ராட்டையை நிறுத்தினாய். "ஏன் கண்ணு, மேல ஏறி உக்காந்தவரு அப்படியே ரெண்டு ஓலைய மாத்திப் போட்டுட்டு எறங்கியிருந்தா, ஒழுக்கும் நின்னிருக்கும், சண்டையும் நின்னிருக்குமே?"

நம் வீட்டுக் கூரையும் அப்போது அடுப்புக்கு நேர் மேலே ஒழுகிக்கொண்டிருந்தது. நாம் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது.

விடியுமுன் எழுந்து, நெய்து, விற்று, நிலமும் வாங்கிய உத்தமியைப் பற்றிப் படித்தேன். அவள் புருஷன் ஊர் வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருப்பான். "எழுதினவரும் அந்த வாசல்லதான் உக்காந்திருந்திருப்பாரு. ஊட்டுக்குள்ள இருந்தவளுக்கு எழுத நேரமேது?" என்றாய்.

என் குறும்பெல்லாம் கோழிக்கு நூல்சாயம் பூசுவது, உபதேசியாரை உபத்திரவியார் என்பது, அவ்வளவுதான். வசனத்தைத் திருப்பிக் கேள்வி கேட்பது உன் வித்தை.

அந்த ஞாயிறு அவர் சபை நடுவே என்னை எழுப்பி, ஒழுகும் கூரைக்கு அர்த்தம் கேட்டார். உன் அர்த்தத்தைச் சொன்னேன். ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தேவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"இத ஆரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் உபதேசியார்.

பெண்கள் பக்கம் பாயில் இருந்த உன்னைப் பார்த்தேன். நீ முக்காட்டை இழுத்துவிட்டாய்.

"எனக்கொண்ணுந் தெரியாதுங்க. இவ வாய் எப்பவும் இப்படித்தானுங்க."

நான் வாய் திறந்தேன், அவர் எனக்குப் பள்ளி வாசலை அடைத்தார். அதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்தாவது ஒரு வார்த்தை சொன்னாயா? "சோறு உங்கு" என்று தட்டை நகர்த்தினாய். அப்பாவுக்குப் பயந்தாயா, ஊருக்கா? நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றுதானே நான் பயப்படாமல் பேசினேன்? கேட்பதற்குள் வாந்திபேதி வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

அப்பா போன வாரம் கூரை மேய்ந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே ஏறினார். அடுப்படி காய்ந்து கிடக்கிறது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நேற்று உபதேசியார் வந்தார். வருகிற ஞாயிறு உனக்காக ஆராதனை. அந்த உத்தமியைப் பற்றித்தான் பிரசங்கமாம்.

"உங்கம்மா எதுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு நீ பொறந்திருக்கியே. அன்னிக்குப் பேசுனது என் துடுக்குத்தனம்னு சபை முன்னால மன்னிப்புக் கேட்டுரு. பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மாகிட்ட நானே சொல்றேன்."

"கேக்கறனுங்க" என்றேன். அப்பா தலை குனிந்துகொண்டார்.

கேட்பேன் அம்மா, உன் மேல் சத்தியமாக. எழுந்து நின்று சொல்வேன்: "அந்தப் பேச்சை என்னுடையது என்று இத்தனை நாள் உங்களை நம்ப விட்டதற்கு மன்னித்துவிடுங்கள். அது என் அம்மா சொன்னது. இந்த உத்தமியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள், கேளுங்கள்." பள்ளி கிடைக்காமல் போகலாம். ஆனால் ஊமை ஒருத்தியின் மகளாக நான் ரயிலேற மாட்டேன்.

இந்த முறை நீ தெரியாது என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
நீ மறுத்தாலும் உன் மகளே.