ஆமைப் படத்தில் குறுக்கே வந்தவன்

என் அருமை மச்சான் சேகருக்கு,

நேற்று உன் முதல் வருஷ திதி முடிந்தது. இன்று மயிலாப்பூரில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு, சைதாப்பேட்டை ஸ்டுடியோவில் வந்து சாய்ந்திருக்கிறேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது. நீ போனதிலிருந்து இரண்டு கேமராவையும் நானே சுமக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் ட்ரோன் கேட்கிறார்கள், பெண் வீட்டார் ரீல்ஸ் கேட்கிறார்கள். பந்திக்குப் போனாயா என்று கேட்கத்தான் ஆளில்லை.

அதை விடு. உன் படத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

நீ போன அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு படம் கிடைக்காமல், டிரைவிங் லைசென்ஸில் இருந்ததைப் பெரிதாக்கினோம். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தாய். யார் கேமராவைத் தூக்கினாலும் குனிந்து விலகுகிற பழக்கம் நம் தொழிலில் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. உனக்கு அது சொந்த வீட்டிலும் விடவில்லையே. பாப்பா கேக் வெட்டுகிற படத்தில் உன் முழங்கை மட்டும்தான் இருக்கிறது. உன் கல்யாண ஆல்பத்தைக் கேட்காதே. நானே உன்னை வெளுப்பாக்கி, கன்னத்துத் தழும்பைத் துடைத்து, வேறு ஆளாக்கி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் பாப்பா யாரிந்த அங்கிள் என்கிறாள்.

போன மாதம் உன் வீட்டுக்காரி மலர் கடைக்கே வந்துவிட்டாள். “திதிக்காவது அவரு மொகம் வேணும்ண்ணா. பாப்பாக்கு மறந்துகினே வருது” என்றாள். எத்தனை ஊரார் முகத்தைச் சேர்த்து வைத்திருக்கிறோம், இந்த ஒரு முகம் இல்லையே.

ஹார்டு டிஸ்க் எல்லாம் துழாவி ஓய்ந்து, கடைசியில் அந்தமான் கார்டைப் போட்டேன்.

போன வருஷம், ஆடியில் முகூர்த்தம் இல்லை, டிக்கெட்டும் மலிவு என்று கிளம்பினோம். கடலுக்கும் ஆடி உண்டு என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மழையில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கண்ணாடி மாட்டி, மூச்சு விடுகிற குழாயைக் கடித்துக்கொண்டு மிதந்தோம். மண்டபத்துப் பழக்கத்தில் நான் ஃபிளாஷைத் தட்ட, தண்ணீரில் இருந்த தூசியெல்லாம் வெளுத்து, மீனுக்கு அட்சதை போட்டது மாதிரி ஆனது. நீயோ ஒரு கிளிமீனைப் பார்த்து “சார், இங்க பாருங்க” என்று சொல்லப்போய் உப்புத் தண்ணீரைக் குடித்தாய்.

அப்புறம் அந்த ஆமை. அடியில் புல் மேய்ந்துகொண்டிருந்தது, நம்மைச் சட்டையே செய்யவில்லை. நான் அமுக்குகிற நேரம் நீ குறுக்கே மிதந்து வந்தாய், வந்தவன் விலக மறந்துவிட்டாய். கரையேறியதும் படத்தைப் பார்த்து நீயேதான் சொன்னாய்: “அத்த அழிச்சிடு மச்சி. ஆமை பாதி கட்டாயிச்சு, நடுவுல நான் வேற கீறேன்.” எனக்கு அலுப்பு. விரலெல்லாம் ஊறி மரத்திருந்தது. நாளைக்கு அழிக்கலாம் என்று விட்டேன். ஊருக்கு வந்ததும் ஆவணி முகூர்த்தம் பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

முகத்தில் பாதி கண்ணாடி, வாயில் குழாய். இதற்கு எப்படி மாலை போடுவது என்று தயங்கித்தான் மலரிடம் காட்டினேன். கண்ணாடிக்குள் உன் கண் இரண்டும் அப்படி விரிந்திருந்தன. அப்படி என்னடா பார்த்தாய் அந்த ஆமையிடம்? மலர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, “பாப்பாவ மொத மொத கையில வாங்கினப்ப இப்டித்தான் பாத்துகினு இருந்தாரு” என்றாள்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். அப்பா ஏன் வாயில பைப் வெச்சிகினு கீறாரு என்று கேட்டாள். யாரென்று கேட்கவில்லை மச்சான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று உன் ஆதம்பாக்கம் வீட்டில் அந்தப் படத்துக்குத்தான் மாலை. பாதி ஆமையோடு அப்படியே சட்டம் போட்டோம். உன் பெரியப்பா முகமூடிக்கா படையல் என்று முணுமுணுத்தார். வடை வந்ததும் அடங்கிவிட்டார். சாப்பாடு முடிந்து உன் படத்துக்கு முன்னால் எல்லாரும் நிற்க, யாரோ போனைத் தூக்கினார்கள். நான் வழக்கம்போலக் குனிந்து நகர்ந்தேன்.

“எங்கண்ணா போறீங்க? நில்லுங்க” என்றாள் மலர். பாப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நின்றேன். கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

இனி விலக மாட்டேன், சேகரு. பாப்பா கல்யாணத்துக்கு வேறு எவனையாவது படமெடுக்க வைத்துவிட்டு, மேடையில் அவள் பக்கத்தில், நீ நிற்க வேண்டிய இடத்தில், குனியாமல் நிற்பேன்.

உன் மகளுக்கு மாமன்,
கபீர்