வியாழக்கிழமைக்கு முப்பது பேர்

2018 அக்டோபர் 4, வியாழன்

நாலு பேர். அதில் ஒருவர் பென்கோ. டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். வீட்டில் விறகு மிச்சமாகுமே என்று எங்கள் வாசகசாலைக்கு வந்து, அடுப்பு ஓரமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறட்டை விடுவார். இன்றைய விருந்தாளி தேனீ நிபுணர், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார், பாவம். இருநூற்று இருபது சிவப்பு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "இன்னும் வருவாங்க" என்றேன். யார் வருவார்கள்? ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதிப் பாதி டிவி பார்க்கிறது.

மேடையில் இரண்டு நாற்காலி, நடுவில் தண்ணீர். நான் கேள்வி கேட்பேன், விருந்தாளி பதில் சொல்வார். பத்தொன்பது வருடமாக என் வியாழக்கிழமை இதுதான். எழுதி வைத்திருந்த பதினோரு கேள்வியையும் கேட்டு முடித்தேன். கடைசியில் "உங்கள்ல யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றேன். பென்கோ கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அக்டோபர் 9

நகராட்சித் துணைத் தலைவர் ஸ்தானேவ் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் கெட்ட செய்தி என்று ஊருக்கே தெரியும்.

"பிஸ்த்ரா அம்மா, மண்டபத்தைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். வெளிநாட்டுப் பழைய துணிக்கடை போடணுமாம். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை. மார்ச் முடியறதுக்குள்ள மூணு வியாழக்கிழமை, ஒவ்வொண்ணுக்கும் முப்பது பேர் காட்டுங்க. பதிவேட்டுல நீங்க என்ன எழுதறீங்களோ அதை நம்பறேன்."

நம்புகிறாராம். அதாவது, வேண்டுமானால் கூட்டி எழுதிக்கொள் என்கிறார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் செய்யாத ஒரே காரியம் அதுதான். செய்யவும் மாட்டேன்.

மூன்று முறை முப்பது! போன மூன்று மாதத்தையும் சேர்த்துக் கூட்டினால்கூட... சரி, விடு.

நவம்பர் 1

மூன்று பேர். பென்கோவுக்குக் காய்ச்சல்.

நவம்பர் 20

வியாழக்கிழமைக்கு லூபென் கரபாஷேவ் வருகிறார். மீன் ஆராய்ச்சியாளர். நம் ஊர்க்காரர்தான், நாற்பது வருடம் முன்னால் போனவர். அவருடைய படத்தையும் விவரத்தையும் டோங்காவின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். "கலர் மை தீந்துபோச்சு அக்கா. ஏதோ ஒண்ணு அடிச்சு ஒட்டிடறேன், நீங்க போங்க" என்றாள். அவளுக்கு ஓயாத வேலை. செத்ததற்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு, வருடத்துக்கு என்று ஒவ்வொரு மின்கம்பத்திலும் கதவிலும் அஞ்சலித் தாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு மை இல்லை.

நவம்பர் 22, வியாழன்

எப்படி எழுதுவது? சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அழுகையும் வருகிறது.

ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். தலையில் கறுப்புத் துணி கட்டிய பெண்கள், கையில் பூ. இரண்டு பேர் தட்டில் திவசத்துக்கு அவித்த கோதுமை, மேலே சர்க்கரை, நடுவில் மெழுகுவத்தி. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் மின்கம்பத்தைப் பார்த்தேன். டோங்கா, போன வாரம் செத்த யாருடைய தாளிலோ முகத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி அடித்திருக்கிறாள்! கறுப்புக் கட்டம், மூலையில் சிலுவை, நடுவில் லூபென் கரபாஷேவ், பிறப்பு 1944. கீழே, வியாழன் மாலை ஆறு மணி, வாசகசாலை மண்டபம்.

பேச்சு நோட்டீஸை இந்த ஊரில் எவனும் படிக்கமாட்டான். சாவு நோட்டீஸ் என்றால் ரொட்டி வாங்கப் போகும் வழியில் நின்று, கண்ணாடி போட்டுப் படிப்பான்.

ஆறு மணிக்கு அவரே வந்து நின்றார், ரப்பர் பூட்ஸோடு. முன்னால் நின்ற பெண் "கர்த்தரே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். கோதுமைத் தட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் அவள் கையிலிருந்த பூவை நிதானமாக எண்ணினார்.

"நாலு. ரெட்டப்படை! செத்தவனுக்குத் தர்ற பூவுல்ல இது? உசுரோட இருக்கறவனுக்கு ஒத்தப்படைம்மா. பஸ்ல கொஞ்சம் தூங்கினது நிஜம். ஆனா அவ்வளவு தூரம் போகலையே நான்!"

முதலில் சிரித்தது பென்கோ. பிறகு எல்லாரும். "வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்க. பொணம் என்ன பேசுதுன்னு கேட்டுட்டுப் போங்க" என்றார் அவர்.

ஐம்பத்தெட்டுப் பேர். நான் இரண்டு தடவை எண்ணினேன்.

மொருனா மீனைப் பற்றிப் பேசினார். நாலு மீட்டர் நீளம், கடலிலிருந்து டான்யூபில் ஏறி வந்து முட்டையிடும் மீன். மேலே அணை கட்டிய பிறகு அதற்குப் போக இடமில்லை. நாற்பது வருடம் கரையில் நின்று அதை எண்ணியிருக்கிறார். கடைசிப் பல வருடங்கள் சுழியம், சுழியம், சுழியம். என் தாளில் இல்லாத கேள்வி ஒன்று வாயில் வந்துவிட்டது: "வராத மீனை எதுக்குங்க எண்ணினீங்க?"

"வரலைன்னு எழுதறதுக்கும் ஒருத்தன் கரையில நிக்கணும் இல்லையா?" என்றார்.

முடிந்ததும் விழாத தட்டிலிருந்த கோதுமையை எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி தின்றோம். அவரும் தின்றார். "என் திவசச் சாப்பாடு, சர்க்கரை கம்மி" என்றார்.

டிசம்பர் 6, வியாழன்

நிக்கோலாஸ் புனிதர் திருநாள். வீட்டுக்கு வீடு மீன். பேச்சு கிடையாது.

லூபென் அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். பெற்றோரின் வீட்டுக்கு ஓடு மாற்றியிருக்கிறார். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கெண்டையை அடுப்பில் கருக்கிவிட்டார். "நாப்பது வருஷம் மீனோட இருந்தவருக்கு மீன் சுடத் தெரியலையே!" என்றேன். "நான் எண்ணத்தான் செஞ்சேன், சமைச்சதில்லை" என்றார். என் புருஷன் போய் எட்டு வருடம். இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு எட்டு வருடம். வேறு எதுவும் இல்லை. பேச ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

2019 ஜனவரி 14

இன்னும் இரண்டு முப்பது வேண்டும். இந்த வியாழன் தேவாலய ஓவியங்களைப் புதுப்பிக்கும் பெண் தலைநகரிலிருந்து வருகிறாள். டோங்காவிடம் போய், "கறுப்புக் கட்டம் போட்டுடு. சிலுவை வேணாம். கட்டம் மட்டும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது முட்டாள்தனம். இது பாவம்."

"அடிடி" என்றேன்.

ஜனவரி 17, வியாழன்

முப்பத்து மூன்று. பள்ளித் தோழி செத்துவிட்டாள் என்று நம்பி ஒரு பெண் பக்கத்து ஊரிலிருந்து அழுதுகொண்டே வந்திருந்தாள். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

லூபென் அண்ணன் கடைசி வரிசையில் இருந்தார். கிளம்பும்போது, "முதல் தடவை விபத்து. இது பொய், பிஸ்த்ரா. எண்ணிக்கைக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் எண்ணிக்கை எதுக்கு?" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன, மீன் வராட்டி சுழியம்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு மண்டபம் போயிடும்!" என்று கத்திவிட்டேன். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பதிவேட்டில் நான் பொய் எழுதவில்லையே? முப்பத்து மூன்று பேர் வந்தது நிஜம்தானே? நிஜம்தான்.

பிப்ரவரி 8

தபால்காரரின் அம்மா இறந்துபோனாள். தாள் ஒட்டிய அன்று வீட்டுக்குப் போன் மேல் போனாம். "சாவா, பேச்சா?" என்று கேட்டார்களாம். தபால்காரர் இன்று தெருவில் என்னைக் கண்டும் காணாததுபோல் போனார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பிப்ரவரி 21, வியாழன்

ஆறு பேர். கட்டமும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. இனி எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

மார்ச் 7, வியாழன்

ஐந்து.

ஏழு வாரம் கழித்து லூபென் அண்ணன் வந்தார். கையில் ஊறுகாய் ஜாடி. சமாதானத்துக்கு என்று சொல்லவில்லை, "மூடியைத் திறக்க முடியலை, நீ திற" என்றார். திறந்தேன்.

"கடைசி வியாழன் எது?"

"இருபத்தெட்டு."

"அன்னைக்கு நான் பேசறேன். முப்பது வந்தா வருது, வராட்டிப் போகுது. ஆனா கலர்ல போடு. நான் சிரிக்கிற மாதிரி."

மன்னிச்சிடுங்க அண்ணே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஊறுகாய் நல்லா இருக்கு என்றேன்.

மார்ச் 18

டோங்கா கலர் மை வாங்கிவிட்டாள். ஊர் முழுக்க லூபென் அண்ணன், படகில் நின்று சிரிக்கிறார். பென்கோகூட நின்று படித்தார். "இந்த ஆளுன்னா வருவேன். தூங்கவும் மாட்டேன்" என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் லூபென் அண்ணன் ரொட்டிக்கடைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலில், தூங்குகிற மாதிரியே. வியாழக்கிழமைப் பேச்சுக்கு எழுதிய தாள் மேஜையில் இருக்கிறது. ரெண்டு வரிதான் எழுதியிருக்கார். ரெண்டே வரி.

அந்த மன்னிப்பைக் கேக்கலியே. கேக்கவேயில்லியே நான்.

மார்ச் 27

அவருக்கு வேறு யாரும் இல்லை. தாளை நானே எழுதினேன். டோங்கா அழுதுகொண்டே அடித்தாள். கறுப்புக் கட்டம், சிலுவை, படம். வியாழன், பகல் ஒரு மணி, ஊர்க் கல்லறை. சிரிக்கிற கலர் படங்களைக் கிழிக்கக் கை வரவில்லை. பக்கத்திலேயே இதையும் ஒட்டிக்கொண்டு போனோம்.

பென்கோ அந்தப் பக்கம் போனார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கண்ணடித்தார்! நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மார்ச் 28, வியாழன்

ஒரு மணிக்குக் கல்லறையில் பாதிரியார், டோங்கா, நான். குழி வெட்டியவர்கள் இரண்டு பேர். பாதிரியார் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றார். அரை மணி நேரம் பொறுத்தோம். வாசலில் நாய்தான் வந்தது. பெட்டியை இறக்கும்போது நாலு பேர் போதவில்லை, நானும் கயிறு பிடித்தேன். கோதுமை பானை நிறைய மிஞ்சிப்போனது.

இது யார் செய்தது? நான் செய்தது. வேறு யாரையும் சொல்ல முடியாது.

ஐந்தரைக்கு மண்டபத்துக்குப் போனேன், பேச்சு இல்லை என்று கதவில் எழுதி ஒட்டலாம் என்று. வாசலில் கூட்டம். பென்கோ சட்டை மாற்றி, தலை வாரி, மூன்று சிவப்புப் பூவோடு முன்னால் நிற்கிறார். "பிஸ்த்ரா, இந்தத் தடவை நாங்க ஏமாறலை! ஒத்தப்படை, எண்ணிப் பாரு!" என்று பூவை ஆட்டினார். அவருக்குப் பின்னால் பலர் கையிலும் மூன்று, ஐந்து. தபால்காரரும் வந்திருந்தார்.

கதவைத் திறந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள். பழக்கம், என் கண் தானாக எண்ணியது. முப்பத்தெட்டு. மேடை ஏறினேன். இரண்டு நாற்காலியும் நடுவில் தண்ணீரும் திங்கட்கிழமையே போட்டது.

"லூபென் அண்ணன் செவ்வாய்க்கிழமை இறந்துட்டார். நோட்டீஸ்ல போட்டது நிஜம். மத்தியானம் அடக்கம் பண்ணிட்டோம். நீங்க வராதது உங்க தப்பு இல்லை. நான் பண்ணின தப்பு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஸ்தானேவ்கூட இரண்டாவது வரிசையில் இருந்தார், தொப்பியைக் கழற்றினார்.

பென்கோதான் முதலில் எழுந்தார். கையிலிருந்த மூன்று பூவில் ஒன்றை உருவி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தார். மீதி இரண்டைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் புதைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "கிணத்துக்குப் பக்கத்துல" என்றேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, ஆளுக்கொரு பூவை எடுத்து வைத்துவிட்டு அவர் பின்னால் போனார்கள். இருட்டுவதற்குள் போய்விடலாம். டோங்கா கோதுமைப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் போகவில்லை.

மார்ச் 29

காலையில் மண்டபத்தைப் பெருக்கினேன். நாற்காலிகளில் முப்பத்தொரு பூ. ஏழு பேர் வெறுங்கையோடு வந்திருக்க வேண்டும்.

சாவியையும் பதிவேட்டையும் ஸ்தானேவிடம் கொண்டுபோனேன். நேற்றைய வரியில் "பேச்சு நடக்கவில்லை" என்று எழுதி, வந்தவர்கள் என்ற கட்டத்தில் சுழியம் போட்டிருந்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"பிஸ்த்ரா அம்மா, நானே உள்ள இருந்தேனே. முப்பதுக்கு மேல இருந்தாங்க. நீங்களே மாத்தி எழுதிடுங்க, விஷயம் முடிஞ்சுது."

"பேச வேண்டியவர் வரலைங்க" என்றேன்.

காபி கொடுத்தார். குடித்துவிட்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.